தண்ணீர் வலப்பக்கம் திரும்பிய காலை

இதை எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பதினெட்டு வருஷம் சிந்தாதிரிப்பேட்டையில் ஓர் அச்சுக்கூடத்தில் பிறர் எழுதியதை ஈய எழுத்தாகக் கோத்தேன். சொந்தமாக ஒரு வரி எழுதினதில்லை. நாலு பேர் கூடினால் எனக்குப் பேச வராது. கல்யாண வீட்டில்கூடப் பந்தியின் கடைசி இலையாகப் பார்த்து உட்காருகிறவன். ரசாயனம் படித்தவர்கள் இதைப் பார்த்துச் சிரித்தால் சிரிக்கட்டும். எனக்குத் தெரிந்தது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தையும் சரியாகத் தெரிந்துகொண்டேனா என்பதில் இன்னும் குழப்பம் தீரவில்லை. பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அச்சுக்கூடம் கைமாறியபோது எனக்கு வேலை போயிற்று. அப்போது ஏதோ நோட்டீஸ் அச்சடிக்க அங்கே வந்துகொண்டிருந்த ஒரு டாக்டர், "என்கூட வரேளா? கண்ணு நன்னா இருக்கிற ஆள் எனக்கு வேணும்" என்று கேட்டார். டாக்டர் என்றால் ஊசி போடுகிற டாக்டர் அல்ல. சீமைக்குப் போய் ரசாயனம் படித்துப் பட்டம் வாங்கி வந்தவர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். உத்தியோகம் ஒன்றும் அமையவில்லை. மாமனார் பெரிய வக்கீல். மயிலாப்பூரில் குளத்துக்கு மேற்கே அவர் வீடு. மோட்டார் வாங்கிய பிறகு காலியாகக் கிடந்த குதிரை வண்டிக் கொட்டகையை மாப்பிள்ளைக்கு விட்டுக் கொடுத்திருந்தார். அதுதான் லாபரட்டரி. மழை பெய்தால் சுவரிலிருந்து பழைய குதிரை வாசனை கிளம்பும்.

என் பெயரை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "கம்பாசிட்டர்" என்றுதான் கூப்பிடுவார். எனக்கு அதுவே சௌகரியமாக இருந்தது.

என்ன வேலை என்று முதல் வாரம் எனக்கு விளங்கவே இல்லை. கண்ணாடிக் குடுவைகளைக் கழுவுவேன். ஸ்பிரிட் விளக்கு ஏற்றுவேன். டாக்டர் ஒன்றோடு ஒன்றைச் சேர்ப்பார், காய்ச்சுவார், வடிகட்டுவார், கடைசியில் ஒரு சிட்டிகை வெள்ளைத் தூள் வரும். அதைத் தண்ணீரில் கரைத்து இருட்டு அறைக்குள் எடுத்துக்கொண்டு போவார். கொஞ்ச நேரத்தில் முகம் சுருங்கி வெளியே வருவார். "ரெண்டும் சமம்" என்பார். எது இரண்டு என்று கேட்க எனக்கு ஒன்றரை மாதம் ஆயிற்று.

கேட்டதும் அவர் சந்தோஷப்பட்டார். "கம்பாசிட்டர், 'க' எழுத்தைக் கையிலே எடுத்துப் பார்த்தா எப்படி இருக்கும்?"

"திரும்பி இருக்கும் சார். கண்ணாடியிலே பாக்கற மாதிரி."

"அதேதான். புளிச்ச தயிர்லே ஒரு அமிலம் இருக்கு. அதோட அணுக்கட்டு ரெண்டு தினுசு. ஒண்ணு நேர் 'க', ஒண்ணு திரும்பின 'க'. வலக்கை, இடக்கைன்னு வெச்சுக்கோங்கோ. குடுவையிலே பண்ணினா எப்பவும் ரெண்டும் சரிபாதியா வரும். நமக்கு ஒரே கை வேணும்."

"எடை போட்டுப் பிரிக்க முடியாதா சார்?"

"ஒரே எடை. ஒரே ருசி. ஒரே சூட்டிலே உருகும்."

"அப்ப ரெண்டுன்னு எப்படி சார் தெரிஞ்சுது?"

அவர் சிரித்தார். "வெளிச்சத்துக்குத் தெரியும்."

அன்று சாயங்காலம் டிராமில் வீடு திரும்பும்போது இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஈயத்தில் திரும்பியிருக்கும் எழுத்தைக் காகிதத்தில் அழுத்தினால் நேராகிவிடும். இந்த அமிலத்தை எதில் அழுத்துவது? நினைக்க நினைக்க என் இறங்குமிடம் கடந்துபோனதே தெரியவில்லை. அரை மைல் திரும்பி நடந்தேன்.

டாக்டரின் வழி இதுதான். செடியில் விளைகிற சரக்குகள் அநேகமாக ஒரே கைப்பக்கமாக இருக்கும் என்றார். புதினாவிலிருந்து எடுக்கும் உப்பு, நாட்டு மருந்துக் கடையில் புதினாப்பூ என்று விற்பார்களே, அது இடக்கை. அமிலத்தைச் செய்வதற்கு முன் அதன் மூலச் சரக்கோடு புதினாப்பூவைச் சேர்த்துக் கட்டிவிட வேண்டும். பிறகு அமிலத்தை உண்டாக்கினால், புதினா பக்கத்தில் இருக்கும் காரணத்தால் அது ஒரு கைப்பக்கம் சாயும். வேலை முடிந்ததும் புதினாவை அவிழ்த்து வெளியே எடுத்துவிடலாம். சீமையில் சிலர் செய்து பார்த்திருக்கிறார்கள், ஆனால் கொஞ்சம்தான் சாய்கிறது, அதை நிறையச் சாய வைப்பதே தன் வேலை என்றார். புதினாவுக்கு இடம் வலம் எப்படித் தெரியும், அது எப்படிப் பக்கத்தில் இருப்பதற்குச் சொல்லிக் கொடுக்கும் என்று நான் பல நாள் யோசித்தேன். துவையல் அரைக்கும்போது என் மனைவியிடம் புதினாக் கட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தேன். "இன்னாயா, பூச்சி கீதா?" என்றாள்.

இருட்டு அறையில் இருந்த கருவிக்குப் போலாரிமீட்டர் என்று பெயர். நீளமான பித்தளைக் கருவி. நடுவே ஒரு கண்ணாடிக் குழாய் படுத்திருக்கும். குழாயின் இரண்டு வாயிலும் தோல் வாஷர், அதன்மேல் வட்டக் கண்ணாடி, அதன்மேல் பித்தளை மூடி. ஒரு பக்கம் உப்புப் போட்ட விளக்கு மஞ்சளாக எரியும். மறுபக்கம் கண்ணை வைத்துப் பார்த்தால் ஒரு மஞ்சள் வட்டம், நடுவில் ஒரு கோடு. கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மங்கலாக வரும் வரைக்கும் ஒரு சக்கரத்தைத் திருப்ப வேண்டும். குழாயில் வெறும் தண்ணீர் இருந்தால் சக்கரம் சைபரில் நிற்கும். ஒரு கை அதிகமாக இருக்கும் சரக்கு இருந்தால் வலப்பக்கமோ இடப்பக்கமோ கொஞ்சம் திருப்பினால்தான் இரண்டு பாதியும் ஒன்றாகும்.

என் கண் அதற்குத்தான் வேண்டியிருந்தது. டாக்டர் முதலில் பார்த்து எண்ணைக் குறித்துக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். "நான் சொல்ல மாட்டேன். நீங்க பாருங்கோ" என்பார். நான் பார்த்துச் சொல்வேன். இரண்டும் ஒத்துப்போனால்தான் நோட்டில் ஏறும். அச்சுக்கூடத்தில் ஈயப் பக்கத்தைத் தலைகீழாகப் படித்த கண்ணுக்கு மங்கலில் வித்தியாசம் பார்ப்பது கஷ்டமாக இல்லை. இரண்டு வருஷம் பார்த்தோம். எப்போதும் சைபர், அல்லது சைபரை ஒட்டி. 

வக்கீல் ஐயா கோர்ட்டுக்குப் புறப்படும்போது சில நாள் கொட்டகை வாசலில் மோட்டாரை நிறுத்தச் சொல்வார். "என்ன மாப்ளே, தயிர்ப் புளிப்பு ரெடியா? நம்மாத்துச் சமையக்காரன் சீமைக்குப் போகாமலே தினம் பண்ணிண்டிருக்கான்!" என்பார். டிரைவரும் சிரிப்பான். டாக்டர் குடுவையைப் பார்த்துக்கொண்டே நிற்பார். அந்த வருஷம் வக்கீல் ஐயா கெடு வைத்துவிட்டார். பொங்கலுக்குள் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் ஆகவில்லை என்றால் கொட்டகையை மூடிவிட்டு அவருடைய ஆபீசில் வந்து உட்கார வேண்டும். டாக்டர் இதை என்னிடம் சொன்னபோது, "உங்களுக்கும் ஏதாவது பார்க்கணும்" என்று மெதுவாகச் சொன்னார்.

அந்தப் புரட்டாசியில் ஆயுத பூஜை வந்தது. அச்சுக்கூடத்தில் அன்று எந்திரங்களைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்போம். லாபரட்டரியிலும் வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. டாக்டருக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. "உங்க இஷ்டம், கண்ணாடியை மட்டும் ஒடைச்சுடாதீங்கோ" என்றார். போலாரிமீட்டர் பித்தளை கறுத்துப் போயிருந்தது. என் மனைவி பழம்புளியில் ஓர் உருண்டை மடித்துக் கொடுத்தாள். "தேச்சி சும்மா வுடாதே. ஊற வெச்சி தேய். தங்கமாட்டம் கீது பாரு அப்பறம்" என்றாள்.

அப்படியே செய்தேன். குழாயின் மூடி இரண்டையும் கழற்றி, கண்ணாடியையும் வாஷரையும் பிரித்தெடுக்காமல் மூடியோடு சேர்த்து, கெட்டியான புளிக்கரைசலில் ஒரு ராத்திரி ஊறப் போட்டேன். காலையில் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவித் துடைத்தேன். தங்கம் தோற்றது. டாக்டரே கையில் எடுத்துப் பார்த்து, "புதுசா வாங்கினாப்பலே இருக்கே!" என்றார். சந்தனம் வைத்தோம். பொரி சாப்பிட்டோம். அன்று முழுவதும் எதையும் தொடவில்லை.

விஜயதசமி அன்று டாக்டர் ஒரு புது ஏற்பாடு செய்தார். அதுவரை அமிலத்தை உண்டாக்கும்போது குடுவையைத் தண்ணீர்த் தொட்டியில் வைப்போம். அன்று ஐஸ் பாளம் வரவழைத்து, மரத்தூள் நீக்கி உடைத்து, உப்புச் சேர்த்து, குடுவையைச் சுற்றி அடைத்தார். குளிர்ந்தால் புதினாவின் பிடி இறுகும் என்பது அவர் எண்ணம். ஒரு வாரம் கழித்து வெள்ளைத் தூள் கையில் வந்தது. குழாயில் தண்ணீரை ஊற்றிச் சைபர் பார்த்தோம், சரியாக இருந்தது. தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தூள் கரைத்த நீரை ஊற்றினோம். இதமான சூட்டில் கரைத்ததால் ஆறுவதற்காகக் குழாயிலேயே இரண்டு மணி நேரம் விட்டு வைத்தோம். அது எப்போதும் உள்ள வழக்கம்.

டாக்டர் உள்ளே போனார். வெகு நேரம் வரவில்லை. வந்தபோது காகிதத்தை மடித்துப் பையில் போட்டார்.

"நீங்க பாருங்கோ."

பார்த்தேன். சைபரில் வைத்தால் இடது பாதி கறுப்பாக இருந்தது. வலப்பக்கம் திருப்பினேன். இன்னும் கொஞ்சம். ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு தாண்டியது. மூன்று தரம் பார்த்துவிட்டு எண்ணைச் சொன்னேன். டாக்டர் பையிலிருந்து காகிதத்தை எடுத்து விரித்துக் காட்டினார். அதே எண்.

"புதினா மிச்சம் இருந்திருக்குமோ சார்?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த ஒரே சந்தேகம் அதுதான்.

"இருந்தா இடப்பக்கம்னா திரும்பணும்! புதினா இடக்கை! இது வலம், கம்பாசிட்டர், வலம்!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். அன்று அவர் வீட்டில் பால் பாயசம் வைத்தார்கள். எனக்கும் ஒரு டம்ளர் கொட்டகைக்கு வந்தது. வக்கீல் ஐயா மோட்டாரை நிறுத்தி, முதல் தடவையாக உள்ளே வந்து கண்ணை வைத்துப் பார்த்தார். "ஒண்ணும் தெரியலையே" என்றார். ஆனால் கேலி செய்யவில்லை.

இரண்டாம் தடவை செய்தபோதும் வலம்தான். ஆனால் முதலில் வந்ததில் பாதி. மூன்றாம் தடவை அதைவிடக் குறைவு. டாக்டர் ஐஸ்காரனைக் கோபித்தார். மழை நாளில் பாளம் பாதி கரைந்து வருகிறது, குளிர் போதவில்லை, அதனால்தான் என்று கணக்குப் போட்டார். குளிர் குறையக் குறையச் சாய்வு குறைவது தன் எண்ணத்தை உறுதிப்படுத்துகிறது என்றுகூடச் சொன்னார். கேட்டபோது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. படித்தவர் சொன்னால் எனக்கு எப்போதுமே நியாயமாகப் படும்.

கார்த்திகை முடிவதற்குள் அவர் சீமையில் ஒரு சங்கத்தின் பத்திரிகைக்குக் கட்டுரை எழுதிவிட்டார். அது அச்சில் வந்தால் கல்லூரியில் உத்தியோகம் கிடைக்கும். கிடைக்காவிட்டாலும் கொட்டகை பிழைக்கும். கையெழுத்துப் பிரதியையும் டைப் அடித்த தாள்களையும் என்னிடம் கொடுத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். இங்கிலீஷ் எனக்கு அர்த்தம் தெரியாது. எழுத்துப் பிசகு மட்டும் கண்ணில் படும். ஓர் இடத்தில் விரலை வைத்து, "இது நீங்கதான்" என்றார். "என்ன சார்?" "எண்களை ரெண்டாவது ஆள் ஒருத்தர், முதல் ஆள் குறிச்சதைப் பார்க்காமல், தனியாப் பார்த்து உறுதி பண்ணினார்னு எழுதியிருக்கேன். பேர் போடலை. ஆனா அது உங்க கண்ணு." எனக்கு அப்போது வந்தது பெருமையா கூச்சமா என்று இப்போதும் சொல்லத் தெரியாது.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பேய் மழை. டிராம் நின்றுவிடும் என்ற பயத்தில் குழாயில் இருந்த தண்ணீரைக் கொட்டாமல் அப்படியே விட்டுவிட்டு ஓடிவிட்டேன். அப்படி விடக்கூடாது என்பது எனக்குத் தெரியும். அதனால் மறுநாள் டாக்டர் வருவதற்கு முன்பே வந்து விளக்கை ஏற்றினேன். கொட்டுவதற்கு முன் சும்மா ஒரு தரம் கண்ணை வைத்தேன்.

இடது பாதி கறுப்பாக இருந்தது.

கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். விளக்குத் திரியைச் சரிசெய்தேன். குழாயை எடுத்து வெளியே துடைத்து வைத்துப் பார்த்தேன். வலப்பக்கம் திருப்பினால்தான் இரண்டு பாதியும் ஒன்றாயிற்று. குழாயில் தண்ணீரைத் தவிர வேறொன்றும் இல்லை. நானே ஊற்றிய தண்ணீர். தண்ணீருக்குக் கை கிடையாது என்று டாக்டர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றினேன். சைபர். அப்படியானால் நேற்று இரவு அந்தத் தண்ணீருக்கு என்ன ஆயிற்று? இடி இடித்ததே, அதனாலா? பைத்தியம் மாதிரி எல்லாம் நினைத்தேன். டாக்டர் வந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. என்ன என்று சொல்வது?

அன்று கொண்டுபோன சோற்றை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன். ராத்திரி என் மனைவி பிடித்துக்கொண்டாள்.

"இன்னாயா ஆச்சு உனக்கு? வேல பூட்ச்சா?"

"இல்ல. தண்ணி வலப்பக்கம் திரும்புது."

"எந்தத் தண்ணி?"

சொன்னேன். எனக்கே புரியாததை அவளுக்கு எப்படிச் சொன்னேனோ தெரியாது. அவள் பொறுமையாகக் கேட்டாள். கடைசியில், "அந்தக் கொழாய்ல தண்ணி வேற இன்னாத்த தொட்டுக்கினு இருக்குது?" என்றாள்.

"கண்ணாடி. கொஞ்சம் தோலு."

"அந்தத் தோலத்தானே நீ புளியில ஊறப் போட்டே? ஊறுன தோலு வுடுமா? ஊறுகா பானைய நாலு தபா கழுவியும் வாசன போல, தெரியும்ல உனக்கு?"

"புளிக்குக் கை உண்டா?" என்று அவளைக் கேட்டேன்.

"அத்த உங்க டாக்டர கேளு! நான் இன்னாத்த கண்டேன்? புளி குடுத்தவ நானு, இப்ப எம்மேல போடாதே" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

டாக்டரைக் கேட்கத் தைரியம் வரவில்லை. வியாழக்கிழமை அவர் கட்டுரையின் கணக்குகளைச் சரிபார்க்க ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தார். நான் கொட்டகையில் தனியாக இருந்தேன். கொஞ்சம் புளியைக் கரைத்து, கரியில் வடிகட்டி, நிறம் போன பின் கருவியோடு வந்த இன்னொரு சின்னக் குழாயில் ஊற்றிப் பார்த்தேன். வலம். நன்றாகவே வலம். அடுத்து எலுமிச்சை பிழிந்து அதே மாதிரி வடிகட்டிப் பார்த்தேன். அசையவில்லை. சைபர். அதுவும் மரத்தில் விளைந்தது, இதுவும் மரத்தில் விளைந்தது. அதுவும் புளிப்பு, இதுவும் புளிப்பு. ஒன்றுக்குக் கை இருக்கிறது, மற்றதற்கு இல்லை. ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று மட்டும் அந்தப் பித்தளையை எலுமிச்சைத் தோலில் தேய்த்திருந்தால் என்று நினைத்து நினைத்து உட்கார்ந்திருந்தேன்.

ஒரு வேளை தோலே காரணமாக இருக்கலாம் என்று ஓர் ஆசை. வாஷரை வெட்டிக் கொடுத்தவர் ராயப்பேட்டையில் மூக்குக் கண்ணாடி, தராசு, கடிகாரம் எல்லாம் பழுது பார்க்கும் ஒரு பாய். அவரிடம் அதே தோலில் புது வாஷர் இரண்டு கேட்டேன்.

"இன்னா நைனா, போன வருசம்தானே குடுத்தேன்? தின்னுட்டியா?" என்றார்.

"பழசு கெட்டுப் போச்சு பாய்."

"என் தோலு கெடாது. ஆவாரம் பட்டையில பதம் பண்ண தோலு, பத்து வருசத்துக்கு உழைக்கும். நீ இன்னா பண்ணே அத்த?"

"புளியில ஊறப் போட்டேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தோலப் புளியிலயா? வறுத்துச் சாப்ட வேண்டியதுதானே!" என்று பக்கத்துக் கடைக்காரருக்குக் கேட்கும்படி சிரித்தார். பிறகு சைக்கிள் ட்யூப் ரப்பரிலும் இரண்டு வெட்டிக் கொடுத்தார். "இத்தப் போடு. இது எதையும் குடிக்காது."

புதுத் தோலைத் தண்ணீரில் வெகு நேரம் போட்டு, அந்தத் தண்ணீரைப் பார்த்தேன். அசையவில்லை. ஆசை போயிற்று.

வெள்ளிக்கிழமை காலை டாக்டர் கட்டுரையை உறையில் போட்டு ஒட்டி, என்னிடம் கொடுத்தார். சீமைத் தபால் அன்று பத்தரைக்குள் சேர வேண்டும். "நீங்களே கொண்டுபோய்ச் சேர்த்துடுங்கோ. உங்க ராசி நன்னா இருக்கு" என்றார். வாங்கிக்கொண்டு தபாலாபீசுக்குப் போனேன். ஜன்னலுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். நானும் நின்றேன். என் முறை வந்தது. பின்னால் இருந்தவருக்கு வழி விட்டேன். மறுபடி முறை வந்தது. மறுபடி வழி விட்டேன். உள்ளே இருந்தவர், "என்னய்யா, போடப் போறியா, வேண்டுதலா?" என்றார். பத்தரை அடித்தது. ஜன்னலைச் சாத்தினார்கள். உறை என் கையில் இருந்தது. வேண்டுமென்று செய்தேன் என்றும் சொல்ல முடியாது, தெரியாமல் செய்தேன் என்றும் சொல்ல முடியாது.

திரும்பி வந்தபோது டாக்டர் சாப்பிட்டுச் சற்றுப் படுக்க உள்ளே போயிருந்தார். பழைய வாஷர்களை மறுபடி புளியில் போட்டு எடுத்து, கழுவி, துடைத்து, மூடியில் வைத்தேன். குழாயில் தண்ணீரை ஊற்றி மூடினேன். இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வாயால் சொல்ல வராது என்று எனக்குத் தெரியும்.

டாக்டர் வெற்றிலை போட்டுக்கொண்டே வந்தார். மேஜைமேல் உறையைப் பார்த்தார்.

"என்ன இது? தபால் போகலையா? மூடிட்டானா?"

"சார், ஒரு தரம் இதைப் பாருங்க. நான் சொல்ல மாட்டேன். நீங்க பாருங்க."

அவருக்கு ஆச்சரியம். நான் அவரிடம் அப்படிப் பேசியதே இல்லை. உள்ளே போய்ப் பார்த்தார். சீக்கிரமே வந்துவிட்டார். முகமெல்லாம் மலர்ச்சி. "முதல் தடவை வந்ததுக்கு மேலேயே இருக்கே! இது எந்தச் சரக்கு? மூணாவதிலே மிச்சம் இருந்ததா?"

"தண்ணி சார்."

"எதிலே கரைச்ச தண்ணி?"

"வெறும் தண்ணி சார். வாஷர் புளியில ஊறினது. ஆயுத பூஜைக்கு நான்தான் ஊற வெச்சேன்."

டாக்டர் நின்ற இடத்திலேயே நின்றார். வெற்றிலையை மெல்லுவது நின்றுபோயிற்று. "புளி அமிலம்" என்றார். "வலக்கை. முதல் வருஷத்துப் பையனுக்குத் தெரியுமே இது." பிறகு என்னைப் பார்க்காமல், "நம்மாத்துலே நித்தியம் ரசம் வெக்கறா" என்றார். சிரிக்கிறாரோ என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தெளிந்திருக்கும். அவர் நோட்டை எடுத்து, பூஜைத் தேதியைப் பார்த்தார், மூன்று எண்களையும் பார்த்தார், மூடிவைத்தார். மூன்றாம் தடவைத் தூளில் உண்மையிலேயே கொஞ்சம் மிச்சம் இருந்தது. ரப்பர் வாஷர் போட்டு அதைக் கரைத்து ஊற்றினோம். இரண்டு மணி நேரம் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

டாக்டர் பார்த்தார், காகிதத்தை மடித்தார். நான் பார்த்தேன். எனக்குச் சைபருக்கு ஒரு மயிரிழை வலப்பக்கம் என்று தோன்றியது. மறுபடி பார்த்தால் சைபர் என்று தோன்றியது. மூன்றாம் தரம் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"என்ன?" என்றார்.

"சொல்ல முடியலை சார். இருக்கற மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு."

காகிதத்தை விரித்துக் காட்டினார். அதில் எண் எழுதவில்லை. ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்.

"நெஜமாவே துளி சாஞ்சிருக்கலாம்" என்றார். "ஐஸ் நல்ல யோசனைதான். ஆனா எவ்வளவு புளி, எவ்வளவு ஐஸ்னு இனிமே யார் சொல்லுவா?"

"மறுபடி பண்ணிப் பாக்கலாமே சார்? புது வாஷரோட?"

"பொங்கலுக்குள்ளேயா?" என்று கேட்டுவிட்டு உறையை எடுத்தார். கிழிப்பார் என்று நினைத்தேன். கிழிக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு வெளியே போனார். அப்போதுதான் கோர்ட்டிலிருந்து வந்த வக்கீல் ஐயா மோட்டாரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்.

"என்ன மாப்ளே, சீமைக்குப் போயாச்சா உங்க தயிர்?"

"போகலை மாமா. தப்பாயிருக்கு. என் தப்பு. கருவியைச் சரியா சோதிக்கலை."

நான் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என்னைப் பற்றியோ புளியைப் பற்றியோ அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முன்னால் போய், நான்தான் ஐயா என்று சொல்ல வேண்டும் என்று தோன்றியது. படியை விட்டு இறங்கவில்லை. வக்கீல் ஐயா கேலியாக ஏதோ சொல்ல வாயெடுத்தவர், மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, உள்ளே வாங்கோ. காப்பி ஆறிடும்" என்று மட்டும் சொன்னார்.

உறை போயிருந்தால் அந்தப் பொய்யை யாராவது கண்டுபிடித்திருப்பார்களா, அல்லது யாருமே புளியை நினைத்திருக்க மாட்டார்களா, கொட்டகை பிழைத்திருக்குமா, அந்தத் துளிச் சாய்வு உண்மையா என்று எனக்கு ஒன்றுமே தெளியவில்லை. நான் செய்தது சரி என்று என் மனைவி சொல்கிறாள். ஊறப் போட்டதையா, உறையைப் போடாததையா என்று கேட்டால், "ரெண்டும்தான், போயா" என்கிறாள்.

மறுநாள் சனிக்கிழமை. டாக்டர் வக்கீல் ஐயாவோடு மோட்டாரில் ஆபீசுக்குப் போனார். நான் குடுவைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, பன்னிரண்டு மணிக்குக் கொட்டகையைப் பூட்டிச் சாவியைச் சமையல்காரரிடம் கொடுத்தேன்.